முதுகில் ஒட்டிய சுண்ணாம்பு

நாளைக்கு மல்யுத்த நடுவர் தேர்வு எழுதப்போகும் உங்கள் முன்னால் ஓய்வுபெற்ற ஒருவனை நிறுத்தி, அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் உங்களைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் புது விதிப்புத்தகம் இருக்கிறது. சிலர் பழுப்புக் காகிதத்தில் அட்டைகூடப் போட்டிருக்கிறீர்கள். அட்டை கிழிவதற்குள் உள்ளே இருப்பது மாறிவிடும், கவலைப்படாதீர்கள்.

நான் விசிலைக் கழுத்தில் மாட்டிய காலத்தில் ஒரு மல்யுத்தம் ஒன்பது நிமிடம். பிறகு அது ஆறானது. ஆறு ஐந்தானது. ஐந்து போதாது என்று மறுபடி ஆறாக்கினார்கள். அதையும் இரண்டிரண்டு நிமிடமாக மூன்று துண்டு போட்டார்கள். இப்போது திரும்பவும் ஆறு. நடுவில் வீரர்கள் உடுப்புக்குள் கைக்குட்டை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. கைக்குட்டை இல்லாதவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பெருமையாக. தாடிக்கும் விதி உண்டு. வழுவழுவென்று மழித்திருக்கலாம், பல மாதம் வளர்த்திருக்கலாம், இரண்டு நாள் தாடிதான் குற்றம். உலகத்தில் எங்கோ ஓர் அறையில் படித்தவர்கள் கூடி உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மரியாதையாகத்தான் இருக்கிறது.

அந்த அறையிலிருந்து விதி கிளம்பி தஞ்சாவூர்ப் பக்கத்து எங்கள் பாபநாசத்துக்கு வந்து சேர்வதற்கு ஒரு கணக்கு உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் மேலே இருப்பவர்கள் எல்லாம் பாய்ச்சி முடித்த பிறகு கடைமடைக்கு வருமே, அப்படித்தான். வந்து சேரும்போது மேலே அடுத்த விதி திறந்துவிட்டிருப்பார்கள். சுற்றறிக்கை ஆங்கிலத்தில், மை பரவிய சைக்ளோஸ்டைல் காகிதத்தில் வரும். நாங்கள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெரிந்த விதிப்படியே விசில் ஊதுவோம்.

எனக்குத் தெரிந்த விதி ஒன்றே ஒன்று. என்னை நடுவராக்கிய மூத்த நடுவர் சொல்லிக்கொடுத்தது. பெரிய பாடமெல்லாம் நடத்தவில்லை. பட்டணம் பொடியை மூக்கில் ஏற்றிக்கொண்டே, "முதுகைப் பாரு. மண்ணு ஒட்டிருந்தா தோத்தான். ஒட்டலேன்னா சண்டை நடக்குது. இதுக்கு மேல உனக்கு என்னடா தெரியணும்?" என்றார். அவர் மண் கோதாவில் வளர்ந்தவர். அங்கே நேரமும் கிடையாது, புள்ளியும் கிடையாது. ஒருவன் முதுகில் மண் ஒட்டும்வரை இருவரும் புரள வேண்டியதுதான். அவர் சொன்னதைச் சிரமேற்கொண்டேன். என் வாழ்க்கையின் பெரிய தவறு அந்த ஒரு வரியிலிருந்து வந்தது என்று அவர் மீது பழி போடலாம். ஆனால் முழுவதையும் கேட்டால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

எழுபதுகளின் கடைசி. நான் பாபநாசம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். மாவட்ட மல்யுத்தக் கழகத்தில் நடுவர். கழகம் என்றதும் நிமிர்ந்து உட்கார வேண்டாம், இது வேட்டியில் கரை இல்லாத கழகம். அதன் தலைவர் அந்த வட்டாரத்து மிராசுதார்.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் இன்னொரு விதிப்புத்தகமும் மாறிக்கொண்டிருந்தது. ஒருவர் இவ்வளவுதான் நிலம் வைத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்பு, குத்தகைக்காரரை எழுப்பக் கூடாது என்று ஒரு சட்டம், பண்ணை வேலை செய்கிறவர் குடியிருக்கும் மனை அவருக்கே என்று ஒரு சட்டம். எந்தப் பிடி போட்டாலும் அதிலிருந்து நழுவுவதில் எங்கள் தலைவரை எந்தப் பயில்வானும் மிஞ்ச முடியாது. கட்டிக்கொடுத்த பெண்கள் பேரில் கொஞ்சம், பால் குடிக்கும் பேரன் பேரில் கொஞ்சம், எந்தக் கோயிலில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு தர்மகாரியத்தின் பேரில் மிச்சம். அதிகாரிகள் வந்து அளந்தார்கள், பாயசம் சாப்பிட்டார்கள், எல்லாம் சட்டப்படி இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர் மனையில்தான் வீரையன் குடும்பம் குடிசை போட்டிருந்தது. வீரையன் என்னிடம் படித்தவன். அப்போது இருபத்தொரு வயது. அறுவடைக் களத்தில் நெல் மூட்டையைத் தூக்கித் தூக்கி முதுகு பலகையாக இருக்கும். அவன் அப்பா, குடியிருக்கும் மனை எங்களுக்கே வேண்டும் என்று தாசில்தாரிடம் மனு கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அவர்களுக்குப் பண்ணையில் வேலை கிடையாது. அந்த வருடம் சம்பா அறுப்புக்குக் கூலி உயர்த்திக் கேட்டுத் தெரு முழுவதும் வேலைக்குப் போகாமல் நின்றது. தலைவர் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுத்தார். வயலில் அடிதடி, போலீஸ், வழக்கு. மாவட்டத்தில் ஜெயித்து, மாநிலப் போட்டியில் ஓர் இடம் பிடித்தால் அந்தச் சான்றிதழை வைத்துப் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனு போடலாம். வீரையனுக்கு அந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு, வயது வரம்பு தாண்டிவிடும். "போலீஸ் வேலை கெடச்சா எங்கப்பாவ யாரும் எழுப்ப முடியாது சார்" என்று என்னிடம் சொல்லியிருந்தான். போலீஸ்காரன் வீட்டுக் குடிசையைப் பிரிக்க யாருக்கும் துணிச்சல் வராது என்பது அவன் கணக்கு. சரியான கணக்குதான்.

அவனை இறுதிப் போட்டியில் எதிர்த்து நின்றது தலைவரின் அக்காள் மகன். பாலும் பாதாமுமாக வளர்ந்த உடம்பு.

போட்டி எங்கள் பள்ளி மைதானத்தில். சர்வதேச விதிப்படி ரப்பர் பாயில் நடத்த வேண்டும் என்றது சுற்றறிக்கை. ரப்பர் பாய்க்குப் பதில் எங்களிடம் புதுச் சம்பா வைக்கோல் இருந்தது. அதை முழங்கால் உயரம் பரப்பி, மேலே லாரி தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். சதுரக் களம் போய் வட்டக் களம் வந்துவிட்டது என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது. நடுவில் ஆணி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் ஒரு வட்டம் போட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள். அதே காகிதத்தில் நாலாவது பத்தியில், தோள்பட்டை எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால் அதை வீழ்ச்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நிறுத்தி நடுவுக்கு அழைத்து வர வேண்டும் என்று இருந்தது. வட்டம் போடுகிற அவசரத்தில் நாலாவது பத்திவரை நான் போகவில்லை.

கூட்டம் இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் நாற்காலி போட்டுத் தலைவரும் அவர் ஆட்களும். எதிர்ப்பக்கம் தரையில் வீரையன் தெரு. நடுவில் லத்தியோடு இரண்டு போலீஸ்காரர்கள், யார் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு. மேஜையில் புள்ளி எழுத எங்கள் பள்ளித் தையல் டீச்சரை உட்காரவைத்திருந்தோம், கையெழுத்து அழகாக இருக்கும் என்பதற்காக.

ஏழு நிமிடம்வரை வீரையன் இரண்டு புள்ளி முன்னால் இருந்தான். அதன் பிறகு இருவரும் கட்டிப்பிடித்தபடி ஓரத்துக்குப் போனார்கள். தலைவரின் மருமகன் காலை வாரினான். வீரையன் விழுந்தான், புரண்டான், உடனே எழுந்து உட்கார்ந்தான். அவன் முதுகு என் பக்கம் திரும்பியது. இரண்டு தோள்பட்டையிலும் வெள்ளை வெளேரென்று ஒட்டியிருந்தது.

முதுகைப் பார்த்தேன், ஒட்டியிருந்தது, விசில் ஊதினேன். வீரையன் தோற்றான் என்று கையைக் காட்டினேன். எல்லாம் ஒரு நொடி.

வீரையன் எழுந்து வந்தான். கத்தவில்லை. மூச்சு வாங்க என் முன்னால் நின்று முதுகைத் திருப்பிக் காட்டினான்.

"நல்லாப் பாருங்க சார். மண்ணு இல்ல, சுண்ணாம்பு. கோட்டு மேல கெடந்தாத்தானே சார் ஒட்டும்? வேற எங்கேருந்து ஒட்டும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண் கோதாவில் முதுகில் ஒட்டுவது தோற்றதற்குச் சாட்சி. நான் போட்ட வட்டத்தில் முதுகில் ஒட்டியது அவன் தோற்கவில்லை என்பதற்குச் சாட்சி. களம் முழுக்கத் தார்ப்பாய், சுண்ணாம்பு இருக்கிற ஒரே இடம் எல்லைக் கோடு. அதைப் போட்டவனே நான்தான்.

தையல் டீச்சர் மேஜையிலிருந்து எழுந்து வந்தார். நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, நாலாவது பத்தியை அவர் படித்திருந்தார். "சார், தோள் கோட்டத் தொட்டா விழுந்ததா எடுத்துக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. அங்க பாருங்க, கோடு அழிஞ்சு கெடக்கு" என்றார் மெதுவாக. பார்த்தேன். வட்டத்தில் ஓர் இடத்தில் மட்டும் இரண்டு தோள் அகலத்துக்குச் சுண்ணாம்பு இல்லை.

நாற்காலியிலிருந்து தலைவர் குரல் கொடுத்தார். "என்ன மாஸ்டர், முடிஞ்சுதுல்ல? கையத் தூக்கி விடுங்க."

எதிர்ப்பக்கம் எல்லாரும் எழுந்து நின்றார்கள். போலீஸ்காரர்கள் வானத்திலிருந்து கண்ணை இறக்கினார்கள். கலவரம் வந்துவிடுமே என்று பயந்தேன் என்று பல வருடம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள். பயந்தது வேறு. மாநில நடுவர் தேர்வுக்கான என் விண்ணப்பம் தலைவர் வீட்டு மேஜையில் கிடந்தது, கையெழுத்துக்காக. அவர் நினைத்தால் கையெழுத்தும் போடலாம், தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றலும் வாங்கிக் கொடுக்கலாம். எனக்கு எதிரே நின்றவனுக்கு ஒரு குடிசை. எனக்கு மாநில நடுவர் என்று நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை. நான் வில்லையைப் பார்த்தேன்.

"நடுவர் தீர்ப்பு இறுதியானதுப்பா" என்றேன் வீரையனிடம். அந்த ஒரு விதி மட்டும் எனக்கு எப்போதும் மனப்பாடம்.

அதோடு விட்டிருந்தால்கூட அறியாமை என்று தப்பித்திருப்பேன். அடுத்த எடைப் பிரிவுக்கு வீரர்கள் தயாராக நின்றார்கள். நான் பள்ளிக் காவலாளியைப் பார்த்துச் சத்தமாக, "கோடு அழிஞ்சிருக்கு பாருங்க. அடுத்த ஆட்டத்துக்கு முன்னாடி புதுசாப் போட்டுடுங்க" என்றேன். அவர் சுண்ணாம்புச் சட்டியோடு ஓடிவந்தார். நிமிடத்தில் வட்டம் முழுசாகிவிட்டது, யாருமே அதன் மேல் விழாததுபோல. நடந்ததற்குச் சாட்சியாக வீரையன் முதுகு மட்டும்தான் மிச்சம். அவன் அதைத் துடைக்கவில்லை. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வெள்ளை முதுகோடு கூட்டத்துக்கு நடுவே நடந்து போனான். அவன் தெருவும் பின்னாலேயே போனது. கலவரம் எதுவும் நடக்கவில்லை. தலைவர் என்னை மெச்சினார்.

டீச்சர் பேனாவை மூடிவைத்துவிட்டார். புள்ளித் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் இடத்திலும் நானே போட்டேன், கொஞ்சம் அழகில்லாமல்.

தலைவரின் மருமகன் மாநிலப் போட்டியில் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினான். அங்கே மண் இல்லை, உயர்தர ரப்பர், அதைக் கவ்வினான். எனக்கு வில்லை வந்தது. வீரையன் வீட்டுக் குடிசையை அடுத்த போகத்துக்குள் பிரித்துவிட்டார்கள். வாய்க்கால் கரையில் போய் ஒண்டிக்கொண்டார்கள். மனைப்பட்டா அவர்கள் கைக்கு வந்து சேர இன்னும் சில வருடம் ஆனது. சட்டமும் கடைமடைக்குத் தாமதமாகத்தான் பாயும். வீரையன் நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்கப் போனான்.

தம்பிகளா, தங்கச்சிகளா, இதில் எது தவறு என்று நாளைக்குத் தேர்வில் கேட்க மாட்டார்கள், அதனால் நான் கேட்கிறேன். விசிலா, சுண்ணாம்புச் சட்டியா? விசிலைத் தவறாக ஊதாத நடுவர் கிடையாது. ஊதத்தான் செய்வீர்கள். சட்டியைக் கேட்கிற நிமிடம் வரும்போது உங்கள் குரல் ரொம்பப் பொறுப்பாக, ரொம்ப அக்கறையாக ஒலிக்கும். என்னுடையது அப்படித்தான் ஒலித்தது.

அதன் பிறகு ஆட்சிகள் மாறி மாறி வந்தன, விதிகளும் மாறி மாறி வந்தன. ஒரு கட்டத்தில், இரண்டு நிமிடத்தில் யாருமே புள்ளி எடுக்காவிட்டால் ஒரு பையிலிருந்து வண்ணப் பந்தை எடுத்து, பந்து யார் நிறமோ அவருக்கு எதிராளியின் காலைப் பிடித்துக்கொள்ள முதலில் வாய்ப்புக் கொடு என்றார்கள். தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த கொஞ்ச நாளில் மல்யுத்தத்தில் லாட்டரி வந்தது. பந்து எடுத்ததும் என் கைதான். பெண்கள் மல்யுத்தம் வந்தது. முதலில் சிரித்தவர்கள், தங்கள் மகள்களுக்குப் பதக்கம் வந்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். கடைசியாக வீடியோ வந்தது. நடுவர் தீர்ப்பு தவறு என்று பயிற்சியாளருக்குத் தோன்றினால் ஒரு பஞ்சுக் கட்டியைக் களத்தில் வீசலாம், நாங்கள் திரையில் திரும்பப் பார்க்க வேண்டும். மேல்முறையீடு பலித்தால் சரி. பலிக்காவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி, அந்த ஆட்டத்தில் மறுபடி கட்டி வீச முடியாது. இறுதியானது என்ற என் அருமை விதி ஒரு பஞ்சுக் கட்டியில் முடிந்துபோனது.

நான் ஓய்வு பெற்ற வருடம், தஞ்சாவூர் உள்விளையாட்டு அரங்கில் மாநிலப் போட்டிக்கான தேர்வு. நான் மேஜைத் தலைவர். களத்தில் இருக்கும் நடுவர் வீழ்ச்சி என்று நினைத்தால் என்னைப் பார்ப்பார், நான் கையை உயர்த்தினால்தான் அது வீழ்ச்சி. அரையிறுதியில் ஒரு பெண்ணின் மூலையில், மடித்துக் கட்டிய வேட்டிக்கு மேல் பயிற்சியாளர் ஜெர்சி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. முதுகைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வீரையன். களத்தில் நின்றது அவர் மகள். வைக்கோலும் தார்ப்பாயும் போட்டு அவரே வீட்டு வாசலில் பழக்கியதாகப் பிறகு சொன்னார்கள்.

அந்தப் பெண்ணுக்கு எதிராளி பலசாலி. எதிராளியின் பயிற்சியாளர் அவசரப்பட்டு ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கட்டியை வீசி முன்பே தோற்றிருந்தார். கடைசிச் சுற்றில், ஓரத்தில், வீரையன் மகள் எதிராளியைச் சரித்துப் போட்டாள். தோள் இரண்டும் பாயில் அழுந்தின. நடுவர் என்னைப் பார்த்தார். அந்தத் தோள்களில் ஒன்று கோட்டுக்கு வெளியே இருந்ததை நான் பார்த்தேன். தெளிவாகவே பார்த்தேன். எதிராளிக்கு மேல்முறையீடு இல்லை என்பதும் தெரியும். முப்பது வருடமாக நெஞ்சில் கிடந்த ஒன்றை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கையை உயர்த்தினேன். அவ்வளவு நேர்மையாக நான் எந்தத் தப்பையும் செய்ததில்லை.

வெற்றியாளர் கையைத் தூக்கி அறிவிப்பதற்குள் வீரையன் எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

"சார், ஒரு தோளு வெளில கெடந்துச்சு. டிவியில போட்டுப் பாருங்க."

"உங்க பொண்ணுதாங்க ஜெயிச்சிருக்கு" என்றேன்.

"தெரியும் சார். அதான் வந்தேன்."

குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல், "அன்னிக்கு எனக்குத் தெரியாமலா கோட்டப் புதுசாப் போடச் சொன்னீங்க? திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் சார் போனேன். எம் பொண்ணுக்காக இன்னொரு வாட்டி சுண்ணாம்பு போடாதீங்க" என்றார்.

கையை இறக்கினேன். திரையில் போட்டுப் பார்த்தோம். தோள் வெளியேதான் இருந்தது. வீழ்ச்சி இல்லை என்று அறிவித்து இருவரையும் நடுவுக்கு வரச் சொன்னேன். சரித்துப் போட்டதற்கான புள்ளியைச் சேர்த்தும் இருவரும் சமமாகத்தான் இருந்தார்கள். மிச்சமிருந்தது அரை நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் எதிராளி ஒரு புள்ளி எடுத்தாள். வீரையன் மகள் தோற்றாள். அவள் அப்பாவை முறைத்த முறைப்பை நான் மறக்க மாட்டேன். தண்ணீர் பாட்டிலை அவர் நீட்ட, வாங்காமல் போனாள்.

போட்டி முடிந்ததும் வாசலில் அவரைப் பிடித்தேன். ஸ்கூட்டரில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்பு கேட்க வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வந்தது வேறு.

"ஏங்க, அநியாயமாத் தோத்துடுச்சே பொண்ணு."

"அநியாயமா இல்ல சார்" என்றார், கயிற்றை இறுக்கியபடியே. "ஒழுங்காத் தோத்திருக்கு. எனக்கு அதுகூடக் கெடைக்கல."